அர்த்தனாரியின் கத்தி நகரவில்லை

செம்மேடு பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சலூன் இருக்கிறது. ஒரு நாற்காலி, ஒரு கண்ணாடி, காத்திருப்பவர்களுக்கு ஒரு பெஞ்சு, அவ்வளவுதான். பெஞ்சுக்கு அடியில் ஒரு பலகை கிடக்கும். சின்னப் பிள்ளைகளை உட்கார வைப்பதற்காக நாற்காலியின் இரண்டு கைகளுக்கும் குறுக்கே போடுகிற பலகை. கடை திறந்த அன்றைக்கு வாங்கிப் போட்டது. இன்றுவரை ஒரு பிள்ளையும் அதில் உட்கார்ந்ததில்லை. கடைக்காரர் பெயர் அர்த்தனாரி. அந்தப் பெயரைச் சொன்னால் பாதிப் பேருக்குத் தெரியாது, மண்டைவெட்டி கடை என்றால் எல்லோரும் கை காட்டுவார்கள். அந்தப் பட்டம் அவருக்கு வரக் காரணம் நான். பதினாறு வருடம் அதை வெளியே சொல்லாமல் இருந்தவனும் நான்தான்.

என் பெயர் தனபால். மலைமேல் வளப்பூர் நாடு என்கிற பகுதியில் மிளகும் பலாவும் வைத்துப் பிழைக்கிறேன். அர்த்தனாரி அடிவாரத்திலிருந்து பஸ் ஏறி மலைக்கு வந்தபோது அவருக்கு இருபது வயதுதான் இருக்கும். கையில் ஒரு தகரப்பெட்டி. ஊர் ஊராக நடந்து சவரம் செய்வார். குழந்தைகளுக்கு மொட்டை அடிப்பதில் அவருக்கு இணை கிடையாது. கத்தியைத் தலையில் வைக்கும்போது வாயை மூடிக்கொண்டு வண்டு மாதிரி ஒரு ரீங்காரம் போடுவார். எங்கிருந்து சத்தம் வருகிறது என்று பிள்ளை அசையாமல் காது கொடுக்கும். அதற்குள் பாதித் தலை வழித்து முடிந்திருக்கும். எங்கள் பக்கத்தில் அந்த நாளில் பிறந்த பிள்ளைகளில் அவர் கைபடாத தலை ஒன்றோ இரண்டோதான்.

என் அக்கா பிரபாவதியின் மகள் ராதிகாவுக்கு முதல் மொட்டை, எங்கள் குலசாமி கோயிலில். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் அடிக்க வேண்டும். எனக்கு அப்போது இருபத்தாறு வயது. ஒரு வாரத்துக்கு முன்புதான் நாமக்கல்லில் செல்போன் வாங்கியிருந்தேன். எங்கள் ஊரில் அதை வைத்துக்கொண்டு மணி பார்க்கலாம், அவ்வளவுதான். டவர் கிடைக்காது. கோயிலுக்குப் பின்னால் இருக்கும் பாறையில் மட்டும் கிடைக்கும் என்று நான் முன்கூட்டியே போய்ப் பார்த்து வைத்திருந்தேன். சொந்தபந்தம் அத்தனை பேரும் கூடியிருக்கும்போது என் சட்டைப் பையில் போன் அடிக்க வேண்டும். இதுதான் என் ஆசை. எழுதவே கூச்சமாக இருக்கிறது.

கோயில் மரத்தடியில் நான் உட்காரப் போட்டிருந்த மணைப் பலகையைத் தூக்கிக்கொண்டு போய்ப் பாறை மேல் போட்டேன். அர்த்தனாரி சுற்றிலும் பார்த்தார்.

“ஏனுங்க, இங்க சரிவா இருக்குதுங்க. மரத்தடிக்கே போயிரலாமுங்க.”

“நல்ல நேரம் போயிட்டிருக்குது. நீ உன் வேலையப் பாரு,” என்றேன். என்னைவிடப் பத்து வயது மூத்தவர் அவர்.

“சரீங்க. அப்பத் தலைய மட்டும் கெட்டியாப் புடிச்சுக்கங்க. கத்தி நகராதுங்க, தலைதான் நகரும்.”

ரீங்காரம் தொடங்கியது. ராதிகா வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். உச்சியைத் தாண்டி முன்பக்கம் வரும்போது போன் அடித்தது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். தலையைப் பிடித்திருந்த வலது கையை எடுத்துப் பைக்குள் விட்டேன். குழந்தை சத்தம் வந்த பக்கம் வெடுக்கென்று திரும்பியது.

அந்த அலறல் இன்னும் என் காதில் இருக்கிறது. உச்சியிலிருந்து நெற்றிவரை ஒரு கோடு, அதிலிருந்து ரத்தம். அர்த்தனாரி கத்தியைத் தூர வீசிவிட்டுப் படிகாரத்தை எடுத்து அழுத்திப் பிடித்தார். அக்கா ஓடி வருவதைப் பார்த்தேன். அவள் என்னை ஒரு வார்த்தை கேட்பதற்கு முன்னால், நான் ஓங்கி அர்த்தனாரியின் கன்னத்தில் ஓர் அறை விட்டேன். “குடிச்சுப்போட்டு வந்தியா?” என்று கத்தினேன். அவர் குடிக்காதவர். அடி வாங்கிய பிறகும் படிகாரத்தை அழுத்திய கையை அவர் எடுக்கவில்லை. ஒரு தரம் என்னை நிமிர்ந்து பார்த்தார். சொல்லுவார் என்று நினைத்தேன். சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் அன்றைக்கு யார் கேட்டிருப்பார்கள்?

அதற்கப்புறம் யாரும் பிள்ளைகளை அவரிடம் கொடுக்கவில்லை. ஊர் ஊராகப் போவதை நிறுத்திவிட்டுச் செம்மேட்டில் அந்தச் சின்னக் கடையைப் பிடித்தார். பெரியவர்கள் வருவார்கள், மண்டைவெட்டி என்று கூப்பிட்டுச் சிரிப்பார்கள், அவரும் சிரிப்பார். நான் அந்தப் பக்கமே போகவில்லை. வேறு கடைகள் உண்டுதான், ஆனால் எந்தக் கடையில் உட்கார்ந்தாலும் இந்தப் பேச்சுத்தான் கேலியாக வரும். அதனால் அப்பா வைத்திருந்த மடக்குக் கத்தியை எடுத்து வீட்டிலேயே வழிக்க ஆரம்பித்தேன். தாடையில் வெட்டு, தொண்டையில் வெட்டு. ஆறினாலும் தழும்பு போவதில்லை. என் மனைவி ராசாமணி தினமும் கேட்பாள்: “ஏனுங்க, சவரம் பண்றீங்களா, பலாக்கொட்டைக்குத் தோலு உரிக்கறீங்களா?” ஒவ்வொரு வெட்டிலும் ஒன்று தெரிந்தது. கத்தியை அழுத்த வேண்டியதே இல்லை. தலை ஒரு நூல் அளவு திரும்பினால் போதும்.

ராதிகாவுக்கு இப்போது பதினேழு வயது. தழும்பு இருக்கும் இடத்தில் முடி முளைக்கவில்லை. நடு வகிடு எடுத்தால் பட்டையாகத் தெரியும் என்று பக்க வகிடு எடுத்து, இரண்டு கிளிப் போட்டு மறைப்பாள். போன மாதம் ஒரு சாயங்காலம் செம்மேட்டிலிருந்து பஸ் இறங்கியவள் நேராக எங்கள் வீட்டுக்கு வந்தாள். முகம் சிவந்திருந்தது.

“மாமா, கேட்டுப்போட்டு வந்துட்டேன்.”

“யார, கண்ணு?”

“அந்த மண்டைவெட்டியத்தான். கடை நெறைய ஆளு. கிளிப்பக் கழட்டி எல்லாத்துக்கும் தலையக் காட்டுனேன். இதுக்கு என்ன பதில்னு கேட்டேன்.”

“அவரு என்ன சொன்னாரு?”

“கையெடுத்துக் கும்பிட்டு, மன்னிச்சுக்க சாமின்னாரு.”

என் பங்குக்கும் சேர்த்து அந்த மனிதர் ஒரு சின்னப் பெண்ணிடம் கும்பிட்டிருக்கிறார். ராசாமணி வைத்த சோற்றை அன்று நான் தொடவில்லை. வெட்கம் என்பார்களே, அது நெஞ்சில் மட்டும் வருவதில்லை, கை காலெல்லாம் கூசியது.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் போனேன். கடையில் அவர் மட்டும்தான் இருந்தார். வாங்க என்று சொல்லி நாற்காலியைத் தட்டினார். உட்கார்ந்தேன். சோப்பு நுரையைத் தடவும்போதே என் தாடையில் இருந்த வெட்டுகளை அவர் விரல் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தது. ஒரு கீறல் விழாமல் வழித்து, படிகாரத்தைத் தேய்த்துவிட்டார்.

“அன்னிக்கு நான்தான் கைய எடுத்தேனுங்க,” என்றேன்.

“நானும் அங்கதானுங்களே இருந்தேன். எங்கிட்டச் சொல்லி என்னங்க ஆகப்போகுது?” என்று கேட்டபடி கத்தியைத் துடைத்தார். பிறகு துண்டை உதறிக்கொண்டே சொன்னார்: “நானும் ரொம்ப நாளு நெனச்சுப் பாத்தேனுங்க. போன்ல என்ன அவசரமோ. யாருக்காச்சும் உசுருக்கு முடியலையோ என்னமோ. இல்லாட்டிக் கொழந்தை தலைய விட்டுப்போட்டு யாருங்க கைய எடுப்பாங்க? அப்படி நெனச்சுத்தானுங்க மனசத் தேத்திக்கிட்டேன்.”

கண்ணாடியில் அவர் முகம் தெரிந்தது. நான் தலையை ஆட்டினேன். ஆமாம் என்று பொருள்படத்தான் ஆட்டினேன். ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ளப் போன இடத்தில் இன்னொரு பொய். இப்படி ஓர் ஆள் நான்.

பஸ்ஸில் திரும்பும்போது அவர் சொன்னது உறுத்திக்கொண்டே வந்தது. அவரிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது? நேராக அக்கா வீட்டுக்குப் போனேன். அக்கா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள், ராதிகா தலை வாரிக்கொண்டிருந்தாள். பாறை, மணை, போன், அறை, எல்லாவற்றையும் சொன்னேன். அக்கா கையில் இருந்த பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். ராதிகா சீப்பை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள்.

“போன்ல யாரு மாமா?”

அதையும் சொன்னேன். அவள் அழவில்லை. கிளிப்பை மாட்டாமல், தலையைப் பின்னால் இழுத்துக் கட்டிக்கொண்டாள். தழும்பு முழுசாகத் தெரிந்தது.

“செருப்பப் போடுங்க மாமா. நான் அவரக் கேட்டப்ப எட்டுப் பேரு இருந்தாங்க.”

பத்தரை மணி பஸ்ஸில் போனோம். கடையில் அப்போது பெஞ்சு நிறைய ஆட்கள். நாற்காலியில் ஒருவருக்கு அரை முகம் வழித்திருந்தது. ராதிகா வாசலில் நின்றுகொண்டு என் முழங்கையைப் பிடித்து முன்னால் தள்ளினாள். நான் சொன்னேன். கோயிலில் இவர் கத்தி நகரவில்லை, நான்தான் பிள்ளையின் தலையை விட்டேன், பழியை இவர் மேல் போட்டு அடித்தேன் என்று சொன்னேன். அர்த்தனாரி கத்தியை எடுத்த நிலையிலேயே நின்றார்.

“யாரு போன் பண்ணுனாங்கன்னும் சொல்லுங்க மாமா,” என்றாள் ராதிகா.

நான் தரையைப் பார்த்தேன். “கம்பெனிக்காரனுங்க. நம்பருக்குப் பாட்டு வெச்சுக்கங்க, ஒன்ன அமுத்துங்கன்னு ஒரு பொம்பளை குரலு. பதிவு பண்ணுனது.”

பெஞ்சில் யாரோ சிரிப்பை அடக்கினார்கள். அர்த்தனாரி சிரிக்கவில்லை. கத்தியை மெதுவாக மடக்கிக் கண்ணாடி முன்னால் வைத்தார்.

“பாட்டுக்குங்களா?” என்று கேட்டார்.

“ஆமாங்க.”