இடது கையில் முத்திரை

பூந்தமல்லி நெடுஞ்சாலையில் இருந்த அந்தத் தீம் பார்க்குக்கு வருஷத்துக்கு ஒரு முறை குடும்பத்தோடு போவோம். மே தினத்தன்று போவோம். வேறு நாளில் போனதில்லை. ராயபுரத்தில் எங்கள் தெருமுனையில் காலையில் கொடி ஏற்றுவார்கள், ஆரஞ்சு மிட்டாய் கொடுப்பார்கள், சங்கத்துக்காரர் ஒருவர் தேவைக்கு மேல் பேசுவார். அவர் முடிப்பதற்குள் தெருவில் வேன்கள் வந்து நிற்கும். துறைமுகத்தில் எங்களுக்கு அன்று விடுமுறை. மணலி, எண்ணூர், திருவொற்றியூர் ஆலைகளிலும் பெரும்பாலும் விடுமுறை. வடசென்னையில் அப்பனுக்கும் மகனுக்கும் மருமகனுக்கும் சேர்ந்தாற்போல் கிடைக்கிற ஓய்வு நாள் அது ஒன்றுதான். தொண்ணூறுகளின் கடைசியில் அந்தப் பார்க்கைப் பற்றித் தெருவெல்லாம் பேச்சாக இருந்தபோது, நாங்களும் அந்த நாளையே பிடித்துக்கொண்டோம்.

நாங்கள் ஒன்பது பேர். நான், என் மனைவி, மகன், மருமகள், அவர்கள் பெண், என் மகள், அவள் கணவர், அவர்களுடைய இரண்டு பையன்கள். மகன் எண்ணூர்ப் பக்கம் ஒரு ஆலையில் வேலை பார்த்தான். மருமகன் காசிமேட்டில் விசைப்படகு இன்ஜின் மெக்கானிக். திருவொற்றியூரில் அவர்கள் வீடு.

நான் துறைமுகத்தில் டேலி கிளார்க்காக இருந்தவன். கப்பலிலிருந்து இறங்குகிற மூட்டைகளை எண்ணுவது வேலை. நாலு கோடு கீழாக, ஐந்தாவது குறுக்காக, பக்கம் பக்கமாக அப்படியே. கப்பல் சார்பில் ஒருவர் எண்ணுவார், கரை சார்பில் நான் எண்ணுவேன். ஷிப்ட் முடிகிறபோது இரண்டு எண்ணிக்கையும் ஒத்துப்போக வேண்டும். ஒருவர் மட்டும் எண்ணியது எவ்வளவு சரியாக இருந்தாலும் எங்கள் தொழிலில் அது கணக்கில்லை. அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. வேன் கிளம்புமுன் நான் முன்பக்கக் கதவில் நின்று தலைகளை எண்ணுவேன். என் மனைவி பின்னால் நின்று எண்ணுவாள். நான் “ஒன்பது” என்றதும் அவளும் “ஒம்போது” என்பாள். அப்புறம்தான் வண்டி நகரும். டிரைவர் எங்கள் தெருக்காரர்தான். “நைனா, நாங்க இன்னா யூரியா மூட்டையா?” என்பார். வருஷா வருஷம் இதையே சொல்வார். வருஷா வருஷம் என் மனைவியும் அப்போதுதான் முதல் முறை கேட்பதுபோல் சிரிப்பாள்.

முதல் வருஷம் வாசலிலேயே தகராறு. பெரிய அடுக்கு நிறையப் புளிசோறு, நெத்திலிக் கருவாட்டுத் தொக்கு, அவித்த முட்டை என்று கொண்டுபோயிருந்தோம். வெளிச் சாப்பாடு உள்ளே வரக் கூடாது என்று காவலாளி அடுக்கைத் தடுத்தார். தொக்கின் வாசனை அவரை முதலிலேயே எட்டியிருக்கும். நான் வாதாடினேன். என் மனைவி என் சட்டையைப் பின்னாலிருந்து இழுத்தாள்.

“உள்ளதானே கூடாதுன்றாரு. வெளிய கூடும்ல?”

அடுக்கு வேனுக்குத் திரும்பியது. மத்தியானம் நாங்கள் கையில் ஊதா மையால் முத்திரை குத்திக்கொண்டு வெளியே வந்தோம். அந்த முத்திரையைக் காட்டினால் மறுபடி உள்ளே விடுவார்கள். வண்டிகள் நிற்கிற இடத்தில் ஒரு தூங்குமூஞ்சி மரம் இருந்தது. அதன் அடியில் வேன் சீட்டின் விரிப்பை எடுத்துப் போட்டு, ஒன்பது பேரும் டிரைவரும் உட்கார்ந்து சாப்பிட்டோம். பிள்ளைகளின் தலையிலிருந்து பார்க்குத் தண்ணீர் சோற்றில் சொட்டியது. மகனும் மருமகனும் அதற்கு முன்போ பின்போ அவ்வளவு பேசி நான் பார்த்ததில்லை. இருவரும் வேறு வேறு ஷிப்டில் இருந்தவர்கள், கல்யாணம் காதுகுத்து என்றால்கூட ஒருவர் வரும்போது மற்றவர் கிளம்பிக்கொண்டிருப்பார்.

திரும்பிப் போனால் காவலாளி கையைப் பார்த்துவிட்டு விடமாட்டேன் என்றார். எங்கள் எல்லோருக்கும் வலது கையில் முத்திரை குத்தியிருந்தார்கள். புளிசோறும் கருவாடும் பிசைந்து சாப்பிட்டு, எண்ணெய் போகத் தேய்த்துக் கழுவியதில் மை முழுக்கப் போய்விட்டது. அதே பார்க்கில் ஸ்பூனால் சாப்பிட்டவர்களுக்கு இந்தக் கஷ்டம் வந்திருக்காது. நான் விடவில்லை. ஒன்பது பேர் வெளியே வந்தோம், ஒன்பது பேர் நிற்கிறோம், நீங்களே எண்ணிப் பாருங்கள் என்றேன். அவர் ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தார். பிறகு விரலை நீட்டி நிஜமாகவே எண்ணினார். எண்ணி முடித்து வழிவிட்டார். என் எண்ணிக்கையை மதித்துத் துறைமுகத்துக்கு வெளியே ஒரு கதவு திறந்தது அந்த ஒரு தடவைதான்.

அடுத்த வருஷத்திலிருந்து என் மனைவி வேனிலேயே பிள்ளைகளுக்குச் சொல்லிவிடுவாள், முத்திரைக்கு இடது கையை நீட்டணும் என்று. ஒன்பது இடது கைகள் நீளும். முத்திரை குத்துகிற பெண் ஒரு முறை, உங்கள் வீட்டில் எல்லோரும் இடது கைக்காரர்களா என்று கேட்டாள்.

அந்த ராட்டினங்களில் ஏறியதைப் பற்றி எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. எனக்குத் தலை சுற்றும். எனக்குப் பார்க் என்றால் அந்த மரத்தடிதான்.

பிறகு ஒவ்வொன்றாகக் கழன்றது. துறைமுகத்தில் கன்டெய்னர்கள் நிறைய வந்தன. மூடி சீல் வைத்த பெட்டி, அதைத் திறக்கவும் மாட்டார்கள், உள்ளே எத்தனை இருக்கிறது என்று எண்ணவும் மாட்டார்கள். நான் முன்கூட்டியே ஓய்வு வாங்கிக்கொண்டேன். மகனின் ஆலை கைமாறி அவன் ஒப்பந்தத் தொழிலாளி ஆனான். மருமகனுக்கு வேறு விதமாக வந்தது. கோடையில் மீன்பிடித் தடைக்காலம் என்று அரசாங்கம் கொண்டுவந்தது. படகுகள் கரையில் நிற்கிறதே, மெக்கானிக்குக்கு ஓய்வு என்று நான் முதலில் சந்தோஷப்பட்டேன். கரையில் நிற்கும்போதுதான் எல்லா முதலாளிகளும் இன்ஜினைப் பிரிக்கச் சொல்வார்கள் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. மே மாதம் முழுக்க அவர் கையில் கிரீஸ் காயாது. பேத்திக்குப் பத்தாம் வகுப்பு தொடங்குமுன்பே பத்தாம் வகுப்புப் பாடம் நடத்துகிற டியூஷன் வந்தது. பையன்களைப் பள்ளிக்கூடத்திலேயே பார்க்குக்கு அழைத்துப்போனார்கள், அதுவும் ஜனவரியில். வேனில் ஆறு பேர், பிறகு ஐந்து பேர் என்று போனோம். எத்தனை பேர் ஆனாலும் என் மனைவி பின்னால் நின்று எண்ணினாள்.

அவள் கடைசி மே தினத்தன்று நாங்கள் நாலு பேர்தான். மரத்தடியில் விரிப்பை அவள் பழையபடி முழு நீளத்துக்கு விரித்தாள். நான் ஏன் என்று கேட்டதற்கு, “இருக்கட்டும், எடம் கீதுன்னு தெரியணும்ல” என்றாள். அடுத்த கோடை வருமுன் போய்விட்டாள். மூலக்கொத்தளம் சுடுகாட்டுக்குத் துணையாக வந்தவர்களை நான் எண்ணவில்லை. எண்ணாமல் இருந்தது எனக்கே பிறகுதான் தெரிந்தது.

அதற்குப் பிறகு எனக்கு ஒரே ஒரு ஆசை இருந்தது. மீதமிருக்கிற எட்டுப் பேரும் ஒரு தடவை அந்த மரத்தடியில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். ஒரு வருஷம் சும்மா விட்டேன். மறு வருஷம் பங்குனியிலேயே ஆரம்பித்துவிட்டேன். ஒவ்வொரு வீட்டுக்கும் போன் செய்தேன், நேரிலும் போனேன். மகன் ஷிப்ட் பார்த்துச் சொல்கிறேன் என்றான். மகள் அவரைக் கேட்டுச் சொல்கிறேன் என்றாள். நான் எட்டு என்று முடிவுசெய்து வேனுக்குச் சொல்லிவிட்டேன். முப்பது வருஷம் எண்ணிய ஆளுக்கு, கரையில் இறங்காத மூட்டைக்குக் கோடு போடக் கூடாது என்று தெரியாதா? தெரியும். ஆனாலும் போட்டேன்.

மே தினத்துக்கு இரண்டு நாள் முன்னால் மகன் வந்தான். உட்காரவில்லை. ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டே நின்றான்.

“நைனா, மே தினம் பர்மனென்ட் ஆளுங்களுக்கு. நான் கான்ட்ராக்ட்ல கீறேன். அன்னிக்கு வர்லன்னா அடுத்த மாசம் கேட்ல என் பேரு இருக்காது.”

மருமகளும் பெண்ணும் மட்டும் வரட்டுமே என்றேன். டியூஷன் என்றான். ஒரு நாள் டியூஷன் போகாவிட்டால் என்ன என்று நான் சொல்லத் தொடங்கி, அவன் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டேன். கொடி ஏற்றுகிற நாளில் இவன் ஆலைக்குப் போகிறான், அதற்கு மேல் நான் என்ன சொல்ல?

மகள் போனில் சொன்னாள். மருமகன் நாலு இன்ஜினைப் பிரித்துப் போட்டிருக்கிறாராம். அதுவும் போகட்டும், மே தினத்துல அங்க எவன் போவான் என்றாள். பக்கத்து வீட்டார் போன வருஷம் போய்விட்டு வந்து சொன்னார்களாம், குளத்தில் ஜனம்தான் இருந்தது, தண்ணியைக் காணோம் என்று. வெயிலில் வரிசையில் நிற்கவே பொழுது போய்விட்டதாம். இப்போதெல்லாம் கூட்டம் இல்லாத வாரநாளாகப் பார்த்து நாலு பேர் காரில் போய்விட்டு வருகிறார்களாம். அவள் சொன்னதில் ஒன்றையும் மறுக்க முடியவில்லை. எல்லாம் நியாயம். அதுதான் எனக்கு எரிச்சலாக இருந்தது.

வேன் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மறந்துவிட்டேன் என்று பிறகு எல்லோரிடமும் சொன்னேன். மறக்கவில்லை. அன்று காலையில் புளிசோறும் கிளறிவிட்டேன், அதே அடுக்கு நிறைய. அவள் கையளவு எனக்குத் தெரியாது, புளி தூக்கலாகப் போய்விட்டது. டிரைவர் வந்து ஹாரன் அடித்தார். நான் அடுக்கோடு கீழே இறங்கினேன். அவர் என் பின்னால் படிக்கட்டைப் பார்த்தார்.

“எங்க நைனா ஜனம்?”

“இல்லை.”

“அப்போ யாரை எண்ணப் போற?” என்று வாய் தவறிக் கேட்டுவிட்டார். கேட்ட உடனே இறங்கி வந்து அடுக்கை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். கொடிக்கம்பத்தடியில் மிட்டாய்க்கு நின்றவர்களைக் கூப்பிட்டு இலை போட்டுப் பரிமாறினார். புளி ஜாஸ்தி என்று இரண்டு பேர் சொன்னார்கள். அடுக்கு காலியானது. கொடியேற்றத்துக்கு வந்த பழைய துறைமுகத்துக்காரர்கள் என்னையும் சேர்த்து ஐந்து பேர்தான்.

டிரைவர் சும்மா இருக்கமாட்டார், மகளிடம் சொல்லிவிட்டார். அன்று சாயங்காலமே அவள் போன் செய்து அழுதாள். பிறகு ஒரு நாளைக் கண்டுபிடித்தாள். தடைக்காலம் முடிந்து படகுகள் கடலுக்குப் போன பிறகு, பள்ளிக்கூடம் திறக்கும் முன், இடையில் ஒரு செவ்வாய்க்கிழமை. மருமகன் ஒரு நண்பரின் காரை வாங்கி வந்தார். அதில் ஐந்து பேர்தான் உட்கார முடியும். ஐந்து பேர்தான் இருந்தோம். மகனுக்குக் காலை ஷிப்ட். அவனுக்குச் சொன்னாயா என்று மகளைக் கேட்டேன். சொன்னாளாம், நீங்க போய்ட்டு வாங்க என்றானாம்.

கூட்டமே இல்லை. மகள் சொன்னது சரிதான். வாசலில் பழைய காவலாளி இல்லை, சுழல் கம்பி வைத்திருந்தார்கள். ஒவ்வொருவர் நுழையும்போதும் அது ‘டக்’ என்றது, எண்ணிக்கொள்கிறது என்று மருமகன் விளக்கினார். எனக்கு முன்னால் நின்ற பேரன்கள் வலது கையை நீட்டினார்கள். நான் இடது கையை நீட்டினேன். அங்கிருந்த பெண் அதில் ஒரு காகிதப் பட்டையைச் சுற்றி ஒட்டினாள்.

மத்தியானம் சாப்பிட வெளியே போய் வரலாமா என்று அவளைக் கேட்டேன்.

“வெளிய போனா திரும்ப வர முடியாதுங்க சார். உள்ளயே எல்லாம் கெடைக்கும்.”

எல்லாம் கிடைத்தது. பெரியவன் ஒரு நேரத்தில் வந்து நின்றபடியே நூடுல்ஸ் தின்றுவிட்டு ஓடினான். சின்னவன் அவன் போன பிறகு வந்தான். மகளும் மருமகனும் அலைக்குளத்திலிருந்து வரவே இல்லை. அவர்கள் இருவரும் சிரித்துக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன், கூப்பிடவில்லை. வருஷம் பூரா இன்ஜினோடு கிடக்கிற மனிதர். நாலு நாற்காலி போட்ட மேசையில் நான் தயிர்சாதம் வாங்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஸ்பூன் கொடுத்திருந்தார்கள். அதைத் தள்ளிவைத்துவிட்டுக் கையால் சாப்பிட்டேன். பட்டை இடது கையில் நனையாமல் இருந்தது.

கை கழுவுகிற இடத்துக்குப் பக்கத்தில் கம்பி வேலி. அதற்கு அந்தப்பக்கம் வண்டிகள் நிற்கிற இடம். எல்லாம் கார்கள், சிமென்ட் தரை. மரம் இருந்தது. அதன் கீழே ஒரு வேன் நின்றது, எந்த ஊரிலிருந்து வந்ததோ. கீழே ஜமுக்காளம் விரித்து ஒரு பெரிய குடும்பம் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. திரும்ப உள்ளே விடமாட்டார்கள் என்று தெரியாமல் வெளியே போனார்களா, தெரிந்தே சாப்பிட்டுவிட்டு உள்ளே வரலாம் என்று இருந்தார்களா, தெரியவில்லை. ஒரு அம்மாள் எழுந்து எழுந்து எல்லோருக்கும் போட்டாள்.

நான் வேலியைப் பிடித்துக்கொண்டு எண்ணினேன். பதினான்கு வந்தது. பிள்ளைகள் ஒரு இடத்தில் இருக்கவில்லை, வேனைச் சுற்றி ஓடினார்கள். மறுபடி எண்ணினேன். பதினைந்து வந்தது.

இப்படி ஒத்துப்போகாவிட்டால் எங்கள் தொழிலில் எதிர்ப்பக்கத்து ஆளைக் கேட்போம், உனக்கு எவ்வளவு என்று. கழுவிய கை காய்கிறவரை அங்கேயே நின்றேன். பிறகு மேசைக்கு வந்து, மற்ற மூன்று நாற்காலிகளையும் யாரும் எடுத்துப் போகாதபடி பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன்.