செவ்வாய்க்கிழமை கொடுத்த ரத்தம்

எனக்குத் தட்டம்மை வந்தபோது இருபத்திரண்டு வயது. பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் அதைப் பிள்ளைகளின் நோய் என்றுதான் சொல்வார்கள். சிறு வயதில் தப்பித்ததற்கெல்லாம் சேர்த்து என்னைப் படுக்கையில் போட்டது.

பக்கத்து வீட்டுச் சிறுமிக்கு ஐந்து வயது. அவள் அம்மா, நான் அக்கா என்று கூப்பிடுகிறவள், வயிற்றுப்போக்கில் இளைத்துப்போன கைக்குழந்தையோடு கிள்ளானில் தாய் வீட்டில் இருந்தாள். அப்பாவுக்கு ரயில் எஞ்சினில் வேலை. கேட்பாரில்லாத இவள் என் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "சித்தி, இன்னிக்கு எத்தன புள்ளி?" என்பாள். ஒரு நாள் உள்ளேயே வந்து கட்டிலில் ஏறிக் கதை கேட்டாள். விரட்டியிருக்க வேண்டும். தனியாகக் கிடந்த எனக்கு மனம் வரவில்லை.

நான் எழுந்து நடமாடத் தொடங்கிய வாரமே, சனிக்கிழமை, அவளுக்குக் காய்ச்சல் கண்டது. செய்தி கேட்டு அவள் அம்மா மறுநாள் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு ரயிலேறி வந்துவிட்டாள். செவ்வாய்க்கிழமை காலை சிறுமியின் முகமெல்லாம் சிவந்து தடித்திருந்தது.

குழந்தைக்கு முன்பு வைத்தியம் பார்த்த யாழ்ப்பாணத்து டாக்டரை அழைத்து வந்தார்கள். அவர் சிறுமியைப் பார்த்துவிட்டு, தொட்டிலைப் பார்த்தார்.

"இவன் எப்ப இங்க வந்தவன்?"

"ஞாயித்துக்கிழமை, டாக்டர்."

"அப்ப இன்னும் நேரம் இருக்கு. இந்த உடம்பு அம்மையைத் தாங்காது. அம்மை வந்து தேறின ஆளின்ர ரத்தத்தில அதை எதிர்க்கிற சக்தி இருக்கும். தெளிஞ்ச நீரை மட்டும் எடுத்து ஊசியாப் போடலாம். நான் படிச்சிருக்கிறன், செய்து பார்த்ததில்லை."

அக்கா என்னைப் பார்த்தாள். காய்ச்சல் விட்டு எத்தனை நாள் என்று டாக்டர் கேட்டார். ஒன்பது நாள் என்றேன்.

"காணும், அது போதும்."

"எங்க வீட்டுக்காரரு ஈப்போவுக்கு டூட்டி போயிருக்காரு. வியாழக்கிழமைதான் வருவாரு. கேட்டுட்டு..." என்று இழுத்தேன்.

"வியாழன் எடுத்தால் ஊசி வெள்ளிதான். பிந்திப் போடுற ஊசியால பெரிசாப் பிரயோசனம் இல்லை, பிள்ளை."

அன்று மத்தியானமே அவருடைய டிஸ்பென்சரியில் கையை நீட்டினேன். ரத்தத்தைப் பார்க்கப் பயந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கண்ணாடிக் குழாய்களில் எடுத்து ஐஸ்பெட்டியில் வைத்தார். மறுநாள் போனபோது ரத்தம் அடியில் உறைந்து, மேலே வெளிறிய மஞ்சளாக நீர் நின்றது. அதை ஊசியில் ஏற்றிக் குழந்தையின் தொடையில் போட்டார். அவன் போட்ட கூச்சலில் அக்காவும் அழுதாள், நானும் அழுதேன்.

"இவளுக்கும் போடுங்க, டாக்டர்," என்று அக்கா, கூடவே கூட்டி வந்திருந்த பெண்ணைக் காட்டினாள். அவளுக்கு அதற்குள் மூச்சு வாங்கத் தொடங்கியிருந்தது.

அவர் குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "மிச்சம் இருக்கிறதைப் போடுறன். ஆனால் அம்மை உடம்பு முழுக்கப் பரவிட்டுது. இது பெரிசா உதவும் எண்டு நான் சொல்ல மாட்டன்."

வியாழக்கிழமை வந்த என் கணவர், என் கையில் போட்டிருந்த கட்டைப் பார்த்தார். எல்லாம் சொன்னேன். கேட்டதும் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனார். கோபம் என்றுதான் நினைத்தேன். பாசாரிலிருந்து ஆட்டு ஈரல் வாங்கிவந்து, அடுப்பு மூட்டத் தெரியாத மனிதர், புகையில் இருமிக்கொண்டே சமைத்தார். உப்பு அதிகம். எல்லாவற்றையும் சாப்பிட்டேன்.

குழந்தைக்குப் பத்து நாள் கழித்து லேசாகச் சூடு வந்தது. நாலைந்து புள்ளி, அவ்வளவுதான். தவழ்ந்துகொண்டே அதைக் கடந்துவிட்டான். சிறுமிக்கோ நெஞ்சில் சளி கட்டி, காதில் சீழ் வைத்து, மூன்று வாரம் இழுத்தது. பிழைத்தாள். வலது காது மட்டும் போய்விட்டது.

"என்கிட்டருந்துதான் அவளுக்கு வந்துச்சுக்கா," என்று ஒரு நாள் கிணற்றடியில் சொல்லியே விட்டேன்.

அக்கா துணியைப் பிழிந்துகொண்டே, "ஒனக்கு யாருகிட்டருந்து வந்துச்சு? அவுங்கள நான் எங்க போயித் தேட?" என்றாள். பிறகு வாளியின் ஒரு பக்கப் பிடியை என்னிடம் நீட்டினாள்.

பள்ளிக்கூடத்துக்குச் சிறுமியைப் பல நாள் நான்தான் கூட்டிப்போவேன். மறந்து வலது பக்கம் நடந்தால், என் இடுப்பைப் பிடித்துத் தள்ளி, "இந்தப் பக்கம் வா, சித்தி. நீ சொல்ற கதை எனக்குக் கேக்கணும்," என்பாள்.