பைக் மீன் விளக்கும் ஏரிக்கரை வீடும்

மார்லிஸ் ஹாகன் தனக்கு என்ன வேண்டும் என்று வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் சொல்லியிருக்கிறாள். அதுவும் வாயால் அல்ல. கல்யாணத்துக்கு முன் மினியாபொலிஸில் ஒரு பெரிய கடையில், விருந்தினர் பார்த்து வாங்கித் தரும் பரிசுப் பட்டியல் பதிந்து, நீலக்கரை போட்ட தட்டுகள் வேண்டும் என்று தெரிவித்திருந்தாள். எங்கள் மினசோட்டா ஊர்க்காரர்கள் நாகரிகமானவர்கள். இன்னதை வாங்கிக் கொடு என்று ஒரு பெண் கேட்பது அழகல்ல என்பதால், அவள் மானத்தைக் காப்பாற்றுவதற்காக அந்தப் பட்டியலை யாரும் பார்க்கவே இல்லை.

பரிசுகள் என்னவோ தாராளமாகவே வந்தன. வேறு யார் பெயரோ பொறித்த, கட்டைகளைச் சாய்க்க உருட்டும் பௌலிங் பந்து. கழிவறைத் தாள் உருளைக்கு நூலில் பின்னிய கவுன். எல்லாவற்றுக்கும் மேலாக, கணவன் டேலின் அத்தை ஆர்டிஸ் தானே பிடித்து, தானே பாடம் செய்து, வாய்க்குள் பல்பு மாட்டிக் கொடுத்த, பைக் என்கிற நீளமூக்கு ஏரிமீன் விளக்கு. சுவிட்சைப் போட்டால் அத்தனை பற்களும் தெரியும்.

‘இப்படி ஒன்றை நாங்கள் பார்த்ததே இல்லை’ என்று மார்லிஸ் நன்றி அட்டை எழுதினாள். அத்தை நெகிழ்ந்துபோனார். அன்றுமுதல் மீன் நிலவறையில் குடியிருந்தது. அத்தையின் வண்டி தெருமுனையில் தெரிந்தால் மட்டும் மேலே வந்து கூடத்தில் ஒளிவீசியது. மார்லிஸுக்கு இதெல்லாம் சிரமமில்லை. பல் மருத்துவரிடம் வரவேற்பாளர் வேலை. நாள் முழுக்க ‘கொஞ்சம்கூட வலிக்காது’ என்று சொல்லிப் பழகியவள்.

அவள் மனம் போனது அத்தையின் ஏரிக்கரை வீட்டின் மேல். ஒரு மாலை அதன் படகுத்துறையில் நின்றுவிட்டு, திரும்பும் வழியெல்லாம் பேசாமல் வந்தாள். அவளைப் பொறுத்தவரை அது வாய்விட்டு அழுததற்குச் சமம்.

பிள்ளையில்லாத அத்தை இப்போது முதியோர் இல்லத்துக்குப் போகிறார், சொத்தைப் பிரிக்கவேண்டும். ஞாயிற்றுக்கிழமை காப்பிக்கு வருவதாகச் சொன்னார். மீன் மேலே வந்தது.

“அத்தை கேட்டா நேரா சொல்லிடு, வீடு வேணும்னு” என்றான் டேல்.

“உன் அத்தைதானே? நீயே சொல்லு.”

“நான் சொன்னா பேராசைன்னு நெனைப்பாங்க.”

“நான் சொன்னா மட்டும் பக்தின்னு நெனைப்பாங்களாக்கும்.”

அத்தை வந்தார், எரியும் மீனைப் பார்த்துக் கண்கலங்கினார், கேக்கை இரண்டு முறை வேண்டாமென்று சொல்லி, எங்கள் வழக்கப்படி மூன்றாவது உபசாரத்தில் எடுத்துக்கொண்டார்.

“இங்க பாரு மார்லிஸ். ஏரிக்கரை வீடு இருக்கு. நான் பண்ணின விளக்கு இன்னும் ஒரு வண்டி இருக்கு. ஒண்ணு உங்களுக்கு, ஒண்ணு உன் கொழுந்தன் டுவேனுக்கு. அவன் நேத்தே போன் பண்ணி வீடுதான் வேணும்னுட்டான், வெக்கங்கெட்டவன். உனக்கு எது வேணும், சொல்லு.”

டேல் மேசைக்கடியில் அவள் காலை மிதித்தான். மார்லிஸ் வாயைத் திறந்தாள்.

“உங்களுக்கு எது சுலபமோ அதையே செய்யுங்க, அத்தை.”

“நெசமாவா?”

“நெசமாத்தான். எங்களுக்கு எதுன்னாலும் சரி.”

மூன்றாவது முறை கேட்பார் என்று அவள் காத்திருந்தாள். கேக்குக்கு அப்படித்தானே நடந்தது? அத்தை காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தார்.

“எவ்வளவு நல்ல மனசு உனக்கு! வீடுன்னா வக்கீலு, கையெழுத்துன்னு உன்னையும் அலைய வைக்கணும். டுவேனே அலையட்டும். விளக்குங்க வண்டியிலயே இருக்கு. டேல், கையுறை மாட்டிக்கிட்டு வாடா, பல்லு குத்தும்.”

டேல் ஒன்றன்பின் ஒன்றாகச் சுமந்து வந்தான். மார்லிஸ் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“ஐயோ அத்தை, இதெல்லாம் ரொம்ப அதிகம்” என்றாள். அன்று அவள் பேசியதிலேயே கலப்படமில்லாதது அது ஒன்றுதான்.