ஜாதகத்தில் குறைந்த இரண்டு வருடம்

தங்கச்சி இறந்து எட்டு மாதம் கழித்து அவளைப் பெண் பார்க்க வந்தார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. சூலூரில் எங்கள் வீட்டு வாசலில் காங்கேயத்துக்காரர் ஒருவரும் அவருடைய அம்மாவும் பூவும் பழமுமாக நின்றார்கள். நான்கு மாதமாக அவளோடு வாட்ஸ்அப்பில் பழக்கமாம். நேரில் பார்க்கலாம் என்றால் ஏதாவது சாக்குச் சொல்கிறாளாம். ஜாதகத்தில் இருந்த அப்பா பெயரையும் ஊரையும் வைத்து விசாரித்து வந்துவிட்டாராம். உள்ளே காலை வைத்தவர் சுவரில் மாலை போட்ட படத்தைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றார். அவர் போனில் இருந்ததும் அதே படம்தான்.

டெங்குக் காய்ச்சல் ஐந்தே நாளில் கொண்டுபோனவள் அவள். அம்மா அவரிடம் கோபப்படவில்லை. "ஏங்கண்ணு, பேசுனாளா? கொரலு எப்படி இருந்துச்சு?" என்று கேட்டாள். எழுத்தில் மட்டும்தான் என்று அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

அந்த எண்ணை அம்மா வாங்கி வைத்துக்கொண்டாள். அடுப்படியில் நின்றபடி போனைத் திறந்து பார்ப்பாள். படத்துக்குக் கீழே 'ஆன்லைன்' என்று வந்தால் அன்றைக்குச் சோறு இறங்கும். எவனோ ஒருவன் என் தங்கச்சியின் முகத்தைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான், அம்மா அவனைப் பார்த்துப் பசியாறுகிறாள். போலீசுக்குப் போகிறேன் என்றதும் கையைப் பிடித்துக்கொண்டாள். "அவனப் புடிச்சுட்டா, அவ இதுலயும் இல்லாமப் போயிருவாளே கண்ணு."

போனேன். கோயமுத்தூர் சைபர் கிரைமில் எண்ணைத் தேடி ஆளைப் பிடித்துவிட்டார்கள். வரன் தேடுகிறவர்களிடம் பெண் மாதிரி எழுதிப் பணம் கறப்பவனாம். அவனோ, அந்தப் பெண்ணே உயிரோடு இருந்தபோது ஜாதகத்தைக் கொடுத்தாள், அவளும் கூட்டு என்று சாதித்தான். செத்தவள் வந்து மறுக்கவா போகிறாள் என்ற தைரியம். அவள் பேரைக் காப்பாற்ற, நான் அவளுக்கு ஜாதகம் தயாரித்த லேப்டாப்பைக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

கணினித் தடயவியல் பிரிவில் ஒரு அம்மணி இருந்தார். என் லேப்டாப்பில் எதையும் தொடாமல் முதலில் முழுசாகப் பிரதி எடுத்துக்கொண்டார். நான் எப்போதோ அழித்ததையெல்லாம் அந்தப் பிரதியிலிருந்து தோண்டி எடுத்தார். கைரேகை மாதிரி ஒவ்வொரு ஃபைலுக்கும் ஒரு நீளமான எண் உண்டாம், ஒரு எழுத்து மாறினாலும் அதுவும் மாறிவிடுமாம். அவள் படத்தோடு நான் கல்யாணப் புரோக்கருக்கு அனுப்பிய ஜாதகத்தின் எண்ணும் அவன் போனில் இருந்ததன் எண்ணும் ஒன்றாக இருந்தன. அதை அவன் புரோக்கரின் வாட்ஸ்அப் குழுவிலிருந்து இறக்கியது, அவள் இறந்து இருபதாம் நாள். அவன் பொய் அதோடு முடிந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

பிறகு அந்த அம்மணி கேட்டார். "ஆதார்ல ஒரு வருசம் இருக்குதுங்க, ஜாதகத்துல ரெண்டு வருசம் தள்ளி இருக்குது. ஆதார்ல இருக்கற மாதிரியே இன்னொரு ஜாதகமும் உங்க லேப்டாப்புல இருந்து அழிச்சிருக்குது. எதுங்க சரி?"

அம்மா பக்கத்து நாற்காலியில் இருந்தாள். அவளுக்கு இது தெரியாது. முப்பது தாண்டினால் வரன் அமையாது, ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் செய்கிறோம், இது ஒன்றே ஒன்றுதானே என்று புரோக்கர் சொல்லி, நான் மாற்றியது. தங்கச்சி அதைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். "அக்கா, என்ற ரெண்டு வருசத்த எங்க கொண்டுபோயி வெச்சீங்க?" கல்யாணத்தன்றைக்குத் திருப்பித் தருகிறேன் போடி என்றேன்.

"ஆதார்ல இருக்கறதுதானுங்க. ஜாதகத்துல நாந்தான் மாத்துனேன்" என்றேன். அவர் எழுதிக்கொண்டார்.

திரும்பி வரும்போது பஸ் சிங்காநல்லூரைத் தாண்டியது. அம்மா ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னாள். "பொறந்த வருசத்த மாத்துனா கட்டமே மாறிப்போயிரும் கண்ணு. எமன் எந்தக் கட்டத்தப் பாத்துட்டு வந்தானோ."

எனக்கு ஜோசியத்தில் நம்பிக்கை கிடையாது. ஆனாலும் அந்த வார்த்தை என்னை விடுவதாக இல்லை.

அந்தக் கணக்கை முடக்கிவிட்டார்கள். ஜாதகம் மட்டும் இன்னும் எங்கெங்கோ சுற்றுகிறது. மாதத்துக்கு ஒன்றிரண்டு பேர் கூப்பிடுவார்கள், பெண்ணுக்கு வயது என்னங்க என்பார்கள். சரியான வருடத்தை முதலில் சொல்கிறேன். அவள் இல்லை என்பதை அதற்குப் பிறகுதான் சொல்கிறேன்.