ஈஸ்வரி சொன்ன சாட்சி

ஈஸ்வரிக்குச் சொந்த ஊர் கண்டனூர். தச்சு வேலைக் குடும்பம். கல்யாணமான நாலாம் வருஷம் புருஷன் காய்ச்சலில் இறந்தபோது, கைக்குழந்தையோடு காரைக்குடிக்கு வந்து ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஆயா வேலைக்குச் சேர்ந்தாள். கூட வேலை பார்த்த ஒருத்தி அவளைச் சபைக்கு அழைத்துப்போனாள். வாடகை மாடியில் நாற்பது குடும்பங்கள் கூடும் சின்னச் சபை அது. ஞானஸ்நானம் எடுத்ததும் பிறந்த வீடு அவளைக் கைகழுவியது. சபையில் பெயரையும் மாற்றச் சொன்னார்கள். ரேஷன் கார்டில் சிக்கல் வரும் என்று விட்டுவிட்டாள். மற்றபடி அவள் எதையும் மிச்சம் வைக்கவில்லை. ஞாயிறு காலை ஆறு மணிக்கே போய்க் கூடத்தைக் கூட்டிப் பாய் விரிப்பாள். சபையில் யாருக்குப் பிரசவமானாலும், யார் படுத்துவிட்டாலும், குளிப்பாட்ட அவள்தான் போவாள்.

மகள் ஸ்வேதா கல்லூரியில் இரண்டாம் வருஷம் படிக்கும்போது ரத்தப் புற்றுநோய் என்றார்கள். மதுரைக்கும் காரைக்குடிக்குமாக அலைந்தார்கள். சபை நாற்பது நாள் உபவாசம் அறிவித்தது. ஈஸ்வரி பகலெல்லாம் வெறும் தண்ணீரோடு வார்டில் ஓடினாள். முப்பத்துமூன்றாம் நாள் ஸ்வேதா போய்விட்டாள்.

அடக்கம் முடிந்து திரும்பும்போது, சபையில் மூத்தவளான சோணையம்மாள் அவள் தோளைத் தொட்டாள். “உன் விசுவாசத்துல எங்கயோ ஒரு ஓட்டை இருந்திருக்கு, ஈஸ்வரி.”

துக்கத்துக்கு வந்திருந்த அண்ணன் முத்துராமன், “அந்தச் சாமியும் கைவிட்டாச்சு. பேசாம வீட்டுக்கு வா,” என்றார். ஈஸ்வரி அடுத்த ஞாயிறு வழக்கம்போலப் போய்க் கூட்டினாள், பாய் விரித்தாள். பாட்டுக்கு மட்டும் வாய் திறக்கவில்லை. வீட்டில் முழங்காலில் நின்றால் ஒரு சொல்லும் எழும்பாது. சுவரைப் பார்த்துவிட்டு எழுந்துவிடுவாள்.

எட்டு மாதம் கழித்துச் சோணையம்மாளுக்குப் பக்கவாதம் வந்தது. ஒரே மகன் சிங்கப்பூரில். சபையார் முறை வைத்துப் பார்த்துக்கொண்டார்கள். இரண்டாம் மாதத்தோடு அது தேய்ந்துபோனது. ஈஸ்வரி மட்டும் டூட்டி முடிந்து தினமும் போனாள்.

ஒருநாள் படுக்கைப் புண்ணுக்கு மருந்து போடப் புரட்டியபோது சோணையம்மாள் குழறினாள். “அன்னைக்கு நான்... அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது.”

“சொல்லிட்டீகளேக்கா,” என்றாள் ஈஸ்வரி, கையை நிறுத்தாமல். “நானும் அதையேதான் நினைச்சுக்கிட்டு இருக்கேன். ஓட்டை என்கிட்டன்னே வச்சுக்குவோம். அதுக்கு எம்புள்ளைய ஏன் எடுக்கணும்?”

சோணையம்மாள் அழுதாள். “எனக்காக ஜெபம் பண்ணு.”

“வாய் வரலக்கா. கைதான் வருது.”

வீடு திரும்பும்போது, கோபம் தீர்ந்துவிட்டதா என்று தன்னையே கேட்டுப் பார்த்தாள். தீரவில்லை. மறுநாளும் போனாள்.

ஈஸ்டருக்கு முந்தின வாரம் சோணையம்மாள் இறந்தாள். அடக்க ஆராதனையில் போதகர் ஈஸ்வரியை முன்னால் கூப்பிட்டு, “கர்த்தர் இந்தச் சகோதரியைத் தேற்றின சாட்சியைக் கேட்போம்,” என்றார்.

ஈஸ்வரி மைக்கை வாங்கிக்கொண்டாள்.

“எனக்கு ஆறுதல் வரல. வந்துச்சுன்னு சொன்னா அது பொய். எம்மக போனதுலருந்து எத்தனையோ கேட்டுட்டேன், ஒரு பதிலும் இல்ல. அக்கா மேல கோபம் இருந்துச்சு. அந்தக் கோபத்தோடதான் அவுகளக் குளிப்பாட்டினேன்.”

யாரும் ஆமென் சொல்லவில்லை. போதகர் தலையைக் குனிந்துகொண்டார். சிங்கப்பூரிலிருந்து வந்திருந்த மகன் எழுந்து வந்து அவள் காலில் விழுந்தான்.

ஈஸ்வரிக்குக் கண்ணில் ஒரு சொட்டு வரவில்லை. குனிந்து அவன் தோளைப் பிடித்துத் தூக்கினாள்.

“எந்திரிங்க தம்பி. பெட்டிய மூடணும்.”