அவர் ஊற்றித் தந்த சாக்கே

ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட்டுக்கு நான் போய்ச் சேர்ந்தபோது யூரோ வந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. கணவருக்கு அங்கே மென்பொருள் வேலை. எனக்கும் வேலை கிடைக்க வேண்டுமென்றால் முதலில் ஜெர்மன் வர வேண்டும். மாலை வகுப்பில் சேர்ந்தேன். முதல் நாள் ஆசிரியை, காலையில் என்ன சாப்பிடுவீர்கள் என்று ஒவ்வொருவரிடமும் கேட்டார். எல்லோரும் ரொட்டி என்றார்கள். இட்லியை எப்படிச் சொல்வதென்று தெரியாமல் நான் அரிசி என்றேன். பக்கத்தில் இருந்த ஜப்பானியப் பெண்ணும் அரிசி என்றாள். அன்றிலிருந்து சேர்ந்தே உட்கார்ந்தோம்.

அந்தக் குளிர்காலத்தில் அவள் என்னையும் என் கணவரையும் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டாள். அவள் கணவர் வெந்நீரிலிருந்து ஒரு பீங்கான் குடுவையை எடுத்துத் துடைத்து, சின்னக் கிண்ணங்களில் சாக்கே என்ற ஜப்பானிய மதுவை ஊற்றினார். என் கணவர் தன் கிண்ணத்தைக் கையால் மூடி, "நான் குடிப்பதில்லை" என்றார். நானும் அதுவரை குடித்ததில்லை. ஆனால் தோழி என் பக்கம் குனிந்து, "இதுவும் அரிசிதான்" என்றாள். மோந்து பார்த்தேன். சோறு வேகும்போது மூடியைத் திறந்தால் முகத்தில் அடிக்குமே, அந்த ஆவி. ஒரு வாய் குடித்தேன். இளஞ்சூடாக இறங்கியது. லேசான இனிப்பு, பின்னாலேயே துளி புளிப்பு. கிண்ணம் காலியாகிவிட்டது.

வீட்டுக்குத் திரும்பி ஷூவைக் கழற்றும்போது என் கணவர், "பிடிச்சிருந்ததா?" என்று கேட்டார்.

"பிடிச்சிருந்தது" என்றேன். பொய் சொல்லத் தோன்றவில்லை.

அவருடைய அப்பா குடித்தே செத்தவர். கல்யாணத்துக்கு முன்பே அதை என்னிடம் சொல்லியிருந்தார். அப்பாவை வீட்டுக்கு அழைத்து வரச் சாராயக் கடை வாசலில் பள்ளிக்கூடச் சீருடையோடு நின்றதையும் சொல்லியிருந்தார். அதனால் அன்றோடு அந்தப் பேச்சை விட்டுவிட்டேன்.

கோடையில் தோழி ஊருக்குத் திரும்பினாள். போகும்போது ஒரு பாட்டிலைக் கையில் கொடுத்து, இதைச் சூடு பண்ணாதே, ஃபிரிட்ஜில் வைத்துக் குடி என்றாள். பால் பாக்கெட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். கொஞ்ச நாள் கழித்துத்தான் கவனித்தேன், அவர் ஃபிரிட்ஜைத் திறப்பதே இல்லை. பால் வேண்டுமென்றாலும் என்னைத்தான் கூப்பிட்டார்.

"அந்தப் பாட்டிலாலதானே? யாருக்காவது குடுத்துடட்டுமா?" என்று கேட்டேன்.

"வேணாம். உனக்குப் பிடிச்சதை நான் ஏன் தடுக்கணும்? அந்த வாசனைதான். வந்தாலே அந்தக் கடை வாசல்தான் ஞாபகம் வரும்."

"ஒரு தடவை மோந்து பாருங்க. அப்புறம் சொல்லுங்க."

திறந்து நீட்டினேன். ஒரு கையால் மேசையைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். "இது அது இல்ல" என்றார். "ஏதோ பழம் மாதிரி இருக்கு." அன்று இரவுச் சாப்பாட்டோடு ஒரு கிண்ணம் குடித்தேன். அவர் எதிரில் உட்கார்ந்து தயிர்சாதம் சாப்பிட்டார். அதன் பிறகு சனிக்கிழமைகளில் ஒரு கிண்ணம் என்பது வழக்கமானது.

பாட்டில் தீர்ந்ததும் பிராங்பேர்ட் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு யாழ்ப்பாணத்துக்காரர் நடத்திய ஆசியக் கடைக்குப் போனேன். கைக்கு எட்டிய முதல் பாட்டிலை எடுத்தேன்.

"தங்கச்சி, அதை எடுக்காதேங்கோ. சமையலுக்கு உள்ளது, உப்புப் போட்டது. குடிக்க ஏலாது" என்றார் அவர். வேறொன்றை எடுத்துத் தந்துவிட்டு, "ஆருக்கு, அவருக்கோ?" என்று கேட்டார்.

"எனக்குத்தான்."

என்னை ஒரு கணம் பார்த்தார். "ஓம், நல்லது" என்று சொல்லி, கண்ணாடி உடையாதபடி செய்தித்தாளில் சுற்றித் தந்தார்.

அப்படித்தான் ஒவ்வொன்றாகப் பழகினேன். ரசத்தோடு சாக்கே சேராது. ஊறுகாய் அதைக் கொன்றுவிடும். வறுத்த மீனும் உருளைக்கிழங்கு வறுவலும் அதற்கென்றே செய்தவை போல இருக்கும். மலிவானதைச் சூடாக்கினால் நன்றாக இருந்தது. நல்லதைச் சூடாக்கினால் வாசனை பறந்துவிட்டது.

சில வருடம் கழித்து, எனக்கும் வேலை கிடைத்த பிறகு, விடுமுறை சேர்த்து ஜப்பானுக்குப் போனோம். தோழியின் ஊர் கடலோரத்தில் இருந்தது. நாங்கள் போனபோது பனி கொட்டிக்கொண்டிருந்தது. அவள் எங்களை ஒரு சாக்கே ஆலைக்கு அழைத்துப் போனாள். பெரிய தொட்டியில் அரிசி ஆவியில் வெந்துகொண்டிருந்தது. ஆளுக்கு ஒரு பிடி கொடுத்தார்கள். வெளியே விறைப்பாகவும் உள்ளே மெத்தென்றும் இருந்தது. "நம்ம வீட்டுல இப்படி வடிச்சா வேகலைன்னு மறுபடி அடுப்புல ஏத்துவோம்" என்றார் என் கணவர். எத்தனை டிகிரி, எத்தனை மணி நேரம் என்று என்ஜினியர் கேள்விகள் வேறு. போதை இல்லாத இனிப்பான அரிசிப் பானம் ஒன்றை அவருக்குத் தந்தார்கள். ஆல்கஹால் இல்லையே என்று மறுபடி மறுபடி கேட்டுவிட்டு, ரசித்துக் குடித்தார்.

மாலையில் தோழி வீட்டில் சாப்பாடு. அங்கே தன் கிண்ணத்தில் தானே ஊற்றிக்கொள்வதில்லை, அடுத்தவர்தான் ஊற்ற வேண்டும். தோழி மீனைப் பார்க்க உள்ளே போயிருந்தாள். அவள் கணவர் போனில் பேசிக்கொண்டிருந்தார். என் கிண்ணம் காலியாக இருந்தது. பக்கத்தில் இருந்த என் கணவர் குடுவையை எடுத்தார். சிந்தாமல் நிரப்பி வைத்தார். "சின்ன வயசுல அப்பாவுக்கு ஊத்தினதுக்கு அப்புறம் இப்பத்தான் ஊத்துறேன்" என்று தாழ்ந்த குரலில் சொன்னார். இரண்டு கையாலும் கிண்ணத்தை எடுத்துக் குடித்தேன்.

டார்ம்ஸ்டாட்டுக்குத் திரும்பிய பிறகும் சனிக்கிழமைகளில் அவரே ஊற்றினார். ஒருமுறை அவருடைய அலுவலக நண்பர்கள் வந்தபோது பாட்டிலைப் பார்த்துவிட்டார்கள். மடமடவென்று குடித்துத் தீர்த்தார்கள். ஒருவருக்குக் குரல் ஏறியது. இவர் எழுந்து பால்கனிக்குப் போய் நின்றார். எல்லோரும் போனதும் ஜன்னல்களையெல்லாம் திறந்துவிட்டார். போதும் என்று சொல்லப்போகிறார் என்று நினைத்தேன்.

"இனிமே வர்றவங்களுக்கு இதை எடுக்க வேணாம். இது நமக்கு மட்டும் இருக்கட்டும்" என்றார்.

ஒரு சொட்டுக்கூடக் குடிக்காதவர் நமக்கு என்றது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அடுத்த முறை பிராங்பேர்ட்டுக்கு அவரும் வந்தார். ஒவ்வொரு பாட்டிலாகக் காட்டி, இது சூடு பண்றதா, பண்ணாததா என்று கடைக்காரரைக் குடைந்துகொண்டிருந்தார்.