நான் விழ வேண்டும் என்று ஜெபித்தோம்

2003ஆம் ஆண்டு பங்குனி மாதம் நான் முதன்முறையாக விழுந்தேன். ஒரு புத்தக வெளியீட்டில், மேடையில், ஆய்வுரையின் நடுவில். என் பேச்சைக் கேட்டு எதிரே இருப்பவர்கள் கண்ணை மூடுவது வழமைதான். பேசுகிறவனே மூடியது அன்றுதான். தண்ணீர் தெளித்து எழுப்பினார்கள். மிகுதி உரையை யாரும் கேட்கவில்லை.

இரண்டாவது முறை கடையில். உறைந்த மீன் பெட்டிக்குள் தலையும் வெளியே காலுமாகக் கிடந்தேன். பின்னால் நின்ற ஜெர்மன் மூதாட்டி, அடியில் கிடக்கும் மீனை நான் தேடுகிறேன் என்று நினைத்துப் பொறுமையாகக் காத்து நின்றாராம்.

இப்படிச் சிரித்து எழுதுவதற்கு எனக்குக் காலம் பிடித்தது. அன்று சிரிப்பு வரவில்லை. தலைசுற்றல் இல்லை, வியர்வை இல்லை, முன்னறிவிப்பு எதுவும் இல்லை. விளக்கை அணைத்தாற்போல் போய்விடுவேன். அடுத்தது எங்கே என்று தெரியாது. வேலைக்கு ரயிலில் போகிறவன் நான். ரயில் மேடையில் சுவரோடு ஒட்டி நிற்பேன். ரயில் வரும் சத்தம் கேட்டால் கால் கூசும். வீட்டில் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. எழும்புவேன், நாடியைப் பிடிப்பேன், இருப்பேன், மறுபடி பிடிப்பேன். குளியலறைக் கதவைப் பூட்ட என் மனைவி சுகந்தி விடவில்லை. தெருவில் என் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டே வந்தாள். ஐம்பது வயதில் மறுபடி நடை பழகினேன்.

இதய மருத்துவரைப் பார்க்க நாளும் நேரமும் குறித்துத் தேர்மின் கிடைத்தது. நெஞ்சில் வயர்களை ஒட்டி, இடுப்பில் ஒரு பெட்டியைக் கட்டி, ஒரு நாள் முழுக்கத் துடிப்பைப் பதிவு செய்யச் சொன்னார். எங்கள் சபையில் இதை அறிவித்ததும் ஜெயமலர் அக்கா எழுந்தார். சங்கிலி ஜெபத்துக்கு ஆள் பிரித்துக் கொடுப்பவர் அவர்தான். ஒருவர் முழங்காலை விட்டு எழும்பும்போது அடுத்தவர் முழங்காலில் நிற்பார். இடைவெளி விட்டால் அக்காவின் தொலைபேசி வரும்.

"தம்பி, அந்தப் பெட்டி கழட்டுமட்டும் உங்களுக்கு ஒண்டும் வராது. நாங்கள் சங்கிலி போட்டிருக்கிறம்" என்றார்.

வரவில்லை. பதிவு சுத்தமாக இருந்தது. சபை கைதட்டி ஸ்தோத்திரம் சொன்னது. பெட்டியைத் திருப்பிக் கொடுத்த மறுநாள் ரயில் நிலையப் படிகளில் விழுந்து முன்பல்லை உடைத்தேன்.

அடுத்து, மயக்கம் வருகிறதா என்று பார்க்க ஒரு மேசையில் படுக்க வைத்து, வார்களால் கட்டி, மேசையோடு நிமிர்த்தி நிறுத்தினார்கள். அக்காவின் சங்கிலி வெளியே ஓடிக்கொண்டிருந்தது. நான் கம்பம் போல நின்றேன். பிறகு ஒரு கிழமைக்கு இன்னொரு கருவி. அந்தக் கிழமை முழுக்க என்னைப்போல் ஆரோக்கியமான மனிதன் எங்கள் ஜெர்மன் நகரமான கெல்சென்கிர்ச்சனில் இருந்திருக்க மாட்டான். கருவியைக் கழற்றினேன், கோடை விடுமுறைக்குள் மறுபடியும் விழுந்தேன்.

மருத்துவர் தாள்களைப் புரட்டினார். "உங்கள் இதயம் அழகாக இருக்கிறது. மன அழுத்தமாக இருக்கலாம். நீங்கள் விழும்போது அது என்ன செய்கிறது என்று பார்க்காமல் என்னால் எதுவும் செய்ய முடியாது" என்றார்.

ரயிலில் திரும்பும்போது அந்த வார்த்தை என்னை இருக்க விடவில்லை. அவர் தேடுவது என் விழுகையை. நாங்கள் இத்தனை மாதமாக அதைத்தான் ஆண்டவரிடம் சொல்லி ஒளித்து வைத்திருந்தோம்! ஒவ்வொரு பரிசோதனைக்கும் முன்னால் நானும் "ஒன்றும் தெரியக்கூடாது" என்றுதான் கேட்டிருந்தேன். கேட்டபடியே கிடைத்தது.

ஐப்பசியில் விரலளவு கருவி ஒன்றை என் நெஞ்சுத் தோலுக்கடியில் வைத்தார்கள். அது இடைவிடாமல் பதிந்துகொண்டே இருக்கும். விழுந்தால், கையிலுள்ள ஒரு சின்னப் பெட்டியை நெஞ்சில் வைத்து உடனே அழுத்த வேண்டும். அழுத்தினால் முந்திய சில நிமிடங்கள் சேமிக்கப்படும். பிந்தினால் அதன்மேல் புதியது பதிந்து பழையது அழிந்துவிடும்.

அந்த ஞாயிறு சபையில் எழுந்து, "நான் விழவேணும் எண்டு ஜெபியுங்கோ" என்றேன்.

போதகர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அண்ணை, இப்பிடி ஒரு விண்ணப்பம் எனக்கு இதுவரைக்கும் வரேல்லை" என்றார்.

"தம்பி, படியில விழேக்க மண்டையிலயும் அடிபட்டதோ?" என்றார் அக்கா.

"அக்கா, எப்பிடியும் விழத்தான் போறன். பதியிற நேரம் விழுந்தால் பிழைப்பன்."

அக்கா முழங்காலில் நின்றார். "ஆண்டவரே, உம்முடைய பிள்ளை விழட்டும். தனிய விழவேண்டாம். பக்கத்தில ஆள் இருக்கேக்க விழுத்தும். மெத்தையான இடமாப் பாத்து விழுத்தும்." சுகந்தி விம்மி அழுதாள்.

நான் விழவில்லை. கிழமைகள் போயின. பேருந்தில், வேலையில், பல் விளக்கும்போது, இப்போதா இப்போதா என்று காத்திருந்தேன். விழாததற்கு ஆண்டவரோடு கோபித்துக்கொண்ட முதல் விசுவாசி நானாகத்தான் இருப்பேன்.

மார்கழி முதல் ஞாயிறு. நாங்கள் வாடகைக்கு எடுக்கும் தேவாலயக் கூடத்தில் கோட்டு மாட்டக் கொளுக்கிகள் கிடையாது. சனம் எல்லாம் கோட்டுகளைப் பின்மூலையில் குவித்துவிடும். ஆராதனை முடிந்து என் கோட்டை எடுக்கக் குனிந்தேன். அவ்வளவுதான் தெரியும்.

மிகுதியைச் சுகந்தி சொன்னாள். குவியலுக்குள் முகம் புதைய விழுந்திருக்கிறேன். சனம் ஓடி வந்தது. விழுந்தவன் கையில் இரும்பு கொடுக்க வேண்டும் என்பது எங்கள் ஆட்களுக்கு எந்த நாட்டிலும் மறக்காது. வீட்டுத் திறப்பு, கார்த் திறப்பு, ஒருவர் கடைத் திறப்பு என்று சாவிகளால் என் இரண்டு கையும் நிறைந்துவிட்டது. அழுத்தும் பெட்டியோ என் கோட்டுப் பையில். கோட்டு எனக்கு அடியில், மற்ற எல்லாக் கறுப்புக் கோட்டுகளோடும்.

"திறப்பை விடுங்கோ! அந்தப் பெட்டியைத் தேடுங்கோ! அழியப்போகுது!" என்று சுகந்தி கத்தினாள்.

போதகர் ஜெபத்தைப் பாதியில் விட்டுப் பைகளைத் துழாவினார். கையுறை, பிள்ளைகளின் சூப்புத்தடி மிட்டாய், பயணச்சீட்டு எல்லாம் பறந்தன. "இதுவோ, பிள்ளை?" என்று ஒன்றை நீட்டினார் அக்கா. அதேதான். சுகந்தி அதை என் நெஞ்சில் வைத்து அழுத்தினாள். அது சின்னதாக ஒரு சத்தம் போட்டது. அப்போது நான் கண்ணைத் திறந்து, "ஆருடைய கோட்டு இது? கறிவேப்பிலை மணக்குது" என்றேனாம்.

மறுநாள் மருத்துவர் தாளை எங்கள் முன் விரித்தார். மலையும் பள்ளமுமாக ஓடிய கோடு ஓரிடத்தில் படுத்துவிட்டது. நீளமாக, நேராக. என் வாழ்க்கையில் அவ்வளவு நேரான ஒன்றை நான் செய்ததே இல்லை.

"உங்கள் இதயம் இங்கே நின்றிருக்கிறது" என்றார். "பிறகு தானாகத் தொடங்கியிருக்கிறது. ஒருமுறை தொடங்காமலும் போகலாம். இப்போது எனக்கு என்ன செய்வதென்று தெரியும்."

சுகந்தி என் சட்டை நுனியைப் பிடித்தாள். நத்தார்ப் பண்டிகைக்கு முன்பே பேஸ்மேக்கர் வைத்தார்கள். அதன்பின் நான் விழவில்லை. ரயில் மேடையில் மனிதனைப்போல நிற்கிறேன். குளியலறைக் கதவைப் பூட்டுகிறேன். அமைதியானவனாகிவிட்டேன் என்று சொன்னால் சுகந்தி இதை வாசித்துச் சிரிப்பாள். ஆனால் ஆண்டவரிடம் இனிச் சுத்தமான அறிக்கை கேட்பதில்லை. உள்ளே இருப்பதைக் காட்டும் என்று கேட்கிறேன். அக்காவும் இப்போது சங்கிலி போடுமுன் நோயாளியிடம் ஒன்று கேட்கிறார்: "டொக்டர் என்ன தேடுறார், பிள்ளை?"

உங்களில் யாராவது காரணம் தெரியாமல் விழுந்தெழும்பி, வெட்கத்தில் மறைத்துக்கொண்டு இருந்தால், மருத்துவரிடம் போங்கள். ஆண்டவரிடமும் உள்ளதை உள்ளபடி கேளுங்கள். அவர் பயப்பட மாட்டார். துணைக்கு ஆள் வேண்டுமென்றால் ஞாயிறு பின்னேரம் எங்கள் கூடத்துக்கு வாருங்கள். போன வருடம் சுவரில் கொளுக்கிகள் அடித்துத் தந்தார்கள். ஒருவரும் மாட்டுவதில்லை. கோட்டுகளை இன்னும் அந்த மூலையில்தான் குவிக்கிறோம்.